தொட்டியில் நனைந்த ஏழு மூட்டை

ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு சங்கீதா வாசலுக்கு ஓடினாள். வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு கொத்து நாற்றைத் தூக்கிக் காட்டினார் குமரவேல், அவள் கணவனின் சித்தப்பா. சாதாரண நாற்றைவிட ஒரு சாண் உயரம். ஆனால் வெளுத்து, நூலாக மெலிந்து, தூரில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"எங்கம்மா சங்கரு? பத்து மணிக்கு மைன்ஸ் கேட்டை மறிக்கிறோம். மைன்ஸ் தண்ணிதான் நாத்தக் கொன்னுடுச்சி. வூட்டுக்கு ஒரு ஆளு வந்தாவணும்."

சிவசங்கர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். அதே நிலக்கரிச் சுரங்கத்தில்தான் அவனுக்கு வேலை; இன்று செகண்ட் ஷிப்ட். பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் உழைத்து, இந்த மாதம்தான் பர்மனென்ட் லிஸ்டில் பெயர் ஏறியிருந்தது. மறியலில் முகம் வீடியோவில் விழுந்தால் கேட் பாஸ் போய்விடும், லிஸ்டும் போய்விடும்.

"நீங்க போவாதீங்க," என்றாள் சங்கீதா.

"ஏழு வூட்டு நாத்தும் போயிடுச்சி. நான் மட்டும் ஒளிஞ்சிகினு இருந்தா நாளைக்கு யாரு மூஞ்சில முழிக்கிறது?"

"வுடும்மா, பர்மனென்ட்டு தொரைக்கு வெயிலு ஆவாதுன்னு லீவு லெட்டர் எழுதிக் குடு," என்று குமரவேல் குத்தினார். அவ்வளவுதான். சிவசங்கர் பின் சீட்டில் ஏறிவிட்டான்.

சங்கீதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடத்தை எடுத்தாள், அங்கேயே வைத்தாள். நேற்று வந்த வேளாண்மை அதிகாரி சத்யா சொன்னது காதிலேயே நின்றது: "தண்ணி மேல பழி போடாதீங்க. இது விதையில வர்ற பூஞ்சாணம். ஒரு மூட்டையில இருந்தா போதும், கூட ஊறினதுக்கெல்லாம் தொத்திக்கும்." நடவு ஆட்கள் ஒரே நடையில் முடித்துப் போகவேண்டும் என்று ஏழு வீடும் ஒரே நாளில், குமரவேலின் மோட்டார் தொட்டியில்தான் விதை நனைப்பார்கள். "போன வருஷம் யாரு வயல்லயாவது இப்படி இருந்துச்சா?" என்று சத்யா கேட்டார். "மைன்ஸ்காரன் சொல்லி அனுப்பியிருப்பான்," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நாள் முன்பு நாற்று திடீரென்று உயர்ந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. சங்கீதா மட்டும் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தாள். ஷிப்ட் மாறி மாறி ஓடுகிற கணவனுக்கு வரப்பு பார்க்க நேரமேது? விதைப்பு முதல் அறுப்புவரை எல்லாம் அவள் பொறுப்பு.

மறியலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தெருமுனையில் டிராக்டர் உறுமுவது கேட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். டிரெய்லர் நிறைய ஆட்கள், நடுவில் சிவசங்கர். கிளம்பிய வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்தார். டிரெய்லரில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"சாவப் போறியாடி? நவுரு!" சிவசங்கர் கத்தினான்.

குமரவேல் கீழே குதித்தார். "புருஷன் வேல போயிடும்னு பயந்துகினு ஊரு வேலயக் கெடுக்கிறியா? எங்க வூட்டுல சோறு வாணாமா?"

அவள் டிராக்டரின் முகப்பைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு கொதித்தது, கையை எடுக்கவில்லை.

"அதுக்கு மட்டும் இல்ல மாமா… போன வருஷமே எங்க வயல்ல ஒரு மூல இப்படித்தான் வெளுத்து ஒசந்து செத்துச்சி, அந்த வயல்ல எடுத்த விதையத்தான் மருந்து கலக்காம உங்க தொட்டியில எறக்கினேன்."