தொட்டிக்குள் தனுஜா

ஜெலாப்பாங் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளி நடத்தும் பிரமிளா, பிளாஸ்டிக் போத்தல் மூடிகளை அட்டையில் ஒட்ட வைத்துத்தான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஆறு மாதமாக ஓர் எழுத்தும் பிடிபடாத தனுஜா, நீல மூடிகளை ஒட்டித் தன் பெயரை முதன்முதலாக வாசித்தாள்.

பக்கத்து மண்டபத்தில் நடந்த மறுசுழற்சி விழாவில் காட்சிக்கு வைக்க, விழாக்காரர்கள் அந்த அட்டைகளைக் கேட்டார்கள். பெரிய மனிதர்கள் மண்டபத்துக்கு வந்தார்கள்; பிள்ளைகளை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அட்டைகளைத் திரும்ப வாங்க, பிரமிளா பிள்ளைகளோடு போனாள். மண்டபத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டி நிரம்பிக் கிடந்தது. தனுஜா எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

“த... னு... ஜா. டீச்சர், இது நான்தானே?”

பிரமிளா நேரே மண்டபக் காவலாளி பழனியப்பனிடம் சண்டைக்குப் போனாள்.

“என்னைய ஏம்மா திட்டுற? படம் எடுத்தாச்சு, தூக்கிப் போடுன்னு விழாக்காரங்கதான் சொன்னாங்க லா,” என்றார் அவர்.

பிரமிளா தொட்டிக்குள் கைவிட்டு அட்டைகளை எடுத்தாள். விழா விருந்தில் மிஞ்சிய குழம்பில் அவை ஊறியிருந்ததால், மூடிகள் கழன்று விழுந்தன.

திங்கட்கிழமை மறுபடியும் மூடிகள் கொண்டுவரச் சொன்னாள். தனுஜா வெறுங்கையோடு வந்தாள்.

“எதுக்கு டீச்சர்? திரும்பவும் தூக்கித்தானே போடுவாங்க?”

பிரமிளா அன்று வெண்பலகையில் எழுதித்தான் பாடம் நடத்தினாள்.