உறை கிழியாத வண்டி

என் மனைவியின் தம்பி சக்கரம் கழற்றும் ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது என் புதுக் கார் பதினொரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஷோரூமிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரம் அது.

அந்த வண்டிக்கு ஒன்றரை வருடக் காத்திருப்பு. வரிசையில் அவன் ஏழாவது, நான் தொண்ணூற்று இரண்டாவது. அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அடுத்தவன் வண்டியை ஓட்டிப் பிழைத்தது போதும் என்று முன்பணம் கட்டியிருந்தான்.

"உன் அக்காவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு. பஸ் குலுங்கினா உயிர் போகுது. இந்த வண்டி குலுங்காதாம்" என்றேன். மறுபேச்சில்லாமல் தன் இடத்தை எனக்கு எழுதிக் கொடுத்தான்.

நான் பொய் சொல்லவில்லை. அப்போது என் எண்ணமும் அதுதான். வண்டி வந்த அன்றுதான் வெளியில் அதற்கு ஒன்றரை மடங்கு விலை என்று தெரிந்தது. என் பெயரில் உள்ள பொருளை நான் விற்கிறேன், இதில் யார் குடி கெட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கையின் பிளாஸ்டிக் உறையை யாரும் கிழிக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். பத்து நாளும் என் மனைவி மருத்துவமனைக்குப் பஸ்ஸில்தான் போய் வந்தாள்.

பதினோராம் நாள் காலை, விலை பேச வந்த புரோக்கர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். கக்கத்தில் ஒரு திண்டு, அக்கா முதுகுக்கு முட்டுக் கொடுக்க.

"யாரு மாமா இவரு?"

"தெரிஞ்சவரு. சும்மா பாக்க வந்தாரு."

புரோக்கருக்கு வாய் நிற்காது. "சும்மாவா? உறையே கிழியல, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. இன்னைக்கே முடிச்சிடலாம் சார்."

மைத்துனன் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தான். உறையை விரலால் தடவினான்.

"அக்கா எதுல போறா மாமா? பஸ்லயா?"



திண்டை மதில்மேல் வைத்துவிட்டு டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். முதல் அடியில் ஒரு விளக்கு போனது, அடுத்ததில் மற்றது. பிறகு முன்கண்ணாடி. அது தொய்ந்து உள்ளே விழும்வரை அடித்தான். புரோக்கர், "குடும்ப விஷயம், நான் எதுக்கு நடுவுல" என்று தெருவுக்கு நழுவிவிட்டார்.

"என் எடத்தை வித்துட்ட. அக்கா முதுகையும் சேத்து வித்துட்டியேடா."

டிக்கியில் ஜாக்கிக் கம்பி கிடந்தது. தடுக்கத்தான் எடுத்தேன் என்று பிறகு போலீசில் எழுதிக் கொடுத்தேன். தடுக்க இல்லை. அவன் இடது முன்கையைப் பார்த்து அடித்தேன், கியர் போடுகிற கை. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அவன் தோளால் கதவை இடித்துச் சாத்தினான். அடித்த வேகத்தில் கதவோரம் போன என் வலக்கை விரல் நான்கும் இடுக்கில் நசுங்கின. பிடுங்கிக்கொண்டு, கம்பியை இடக்கையில் எடுத்து அவன் தலையில் அடித்தேன். முன்சக்கரத்தில் சாய்ந்து அப்படியே சரிந்தான்.

மனைவி காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். நான் பின்வாங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், பின்சீட்டின் உறையைக் குறுக்காகக் கிழித்து வெளியே எறிந்தாள்.

"அவன் காலைப் பிடிங்க."

தூக்கிக் கிடத்தினோம். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். புது இருக்கையில் ரத்தம் ஊறிப் பரவியது.

"ஓட்டுங்க."

"கை நசுங்கிடுச்சு..."

"இன்னொரு கை இருக்குல்ல."

ஓட்டினேன். கண்ணாடி இல்லாத வண்டியில் காற்று முகத்தில் அறைந்தது. வேகத்தடை வந்ததும் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தேன்.

"மெதுவாப் போக வேணாம்" என்றாள் பின்னாலிருந்து. "குலுங்கவே இல்ல. நீங்க சொன்னது சரிதான்."