முதல் இடியும் சிவப்பு டியூலிப்பும்

அட்டைப்படம்! அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வசந்தமாக வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரிகிறேன்.

அல்மாத்தியில் ஒரு பதிப்பகம். வருஷத்துக்கு ஒருமுறை காட்டுச் செடிகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போடுவார்கள். உள்ளே இருநூறு படம், அட்டைக்கு ஒரே படம். பறித்துக் குவளையில் வைத்ததெல்லாம் செல்லாது. செடி முளைத்த இடத்திலேயே நிற்க வேண்டும், பின்னால் வானம் இருக்க வேண்டும், அதுவும் பேசுகிற வானமாக இருக்க வேண்டும். எங்கள் மலைச்சரிவில் ஏப்ரல் கடைசியில் காட்டு டியூலிப் சிவப்புச் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். அதைவிட என்ன வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வருஷம் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது. இரண்டாம் வருஷம் கருமேகம் வந்தது, சூரியன் போனது, பூ வாயை மூடிக்கொண்டது. வெயிலும் சூடும் போனால் டியூலிப் கடையைச் சாத்திவிடும். பூவின் மேல் வெயில், பூவுக்குப் பின்னால் கருமேகம், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வந்தாலும் பத்து நிமிஷம் நிற்காது. மூன்றாவது வசந்தம் இது. படம் போய்ச்சேர வேண்டிய கடைசி நேரம் இன்று மாலை ஆறு மணி.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் என் ஓரகத்தியைக் காட்டுவேன். பிபாய்ஷா, என் கணவரின் அண்ணன் மனைவி. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. எதில்தான் அவள் முதலில் இல்லை? நான் பொரித்த பவுர்சாக் ரொட்டியைத் தின்றுவிட்டு, "ரொம்ப நல்லாயிருக்கே, பிபாய்ஷா பண்ணினதா?" என்று கேட்கிற ஊர் இது. மாடு அவள் கைக்குத்தான் பால் சுரக்கும். குதிரை அவள் குரலுக்குத்தான் திரும்பும். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, என்னுடையது என்று சொல்ல இந்தக் கேமரா ஒன்றுதான் உண்டு. அதை மட்டும் அவள் தொட்டதில்லை.

மூன்றரை மணிக்கு ஏழாம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெற்கே மலைக்கு மேல் மேகம் கருநீலமாகத் திரண்டு கொண்டிருந்தது. மேற்கே பளீரென்று வெயில்! மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் வெளியே ஓடினேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பள்ளி வாசலில் பிபாய்ஷா பால் கேன்களை இறக்கிவிட்டு ஜீப்பில் காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மறித்தேன்.

"அக்கா, சரிவுக்கு விடுங்க! இப்பவே!"

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"மேகத்தைப் பாருங்க! வெயிலைப் பாருங்க!"

"ரெண்டையும் காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஏறித் தொலை. மூட்டு வலி உயிர் போகுது, மழை உண்டு இன்னைக்கு."

வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. இந்த வருஷம் இன்னும் முதல் இடி இடிக்கவில்லை என்பது அவள் கவலை. எங்கள் பக்கம் வசந்தத்தின் முதல் இடி கேட்டதும் வீட்டுப் பெண் அகப்பையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். "பால் பெருகட்டும், கரி குறையட்டும்" என்று, குளிர் போய் அடுப்புக்கரிச் செலவு குறைய வேண்டிச் சொல்லிக்கொண்டே கூடாரத்தையோ வீட்டையோ தட்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும்.

"போன வருஷம் நான் டவுனுக்குப் போயிருந்தேன். நீ ஒருத்திதான் வீட்டுல இருந்த. இடி கேட்டும் மகாராணி எந்திரிக்கலயே. என்னாச்சு? ரெண்டு மாடு மடி வத்திப்போச்சு."

"அக்கா, இடிங்கிறது மின்சாரம். அதுக்கும் மாட்டு மடிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதை மாட்டுக்கிட்ட சொல்லு."

சரிவில் இறங்கினேன். பூக்கள் அத்தனையும் வாயைத் திறந்து நின்றன! பின்னால் மலை தெரியவில்லை, மேகம்தான் மலையாக நின்றது. ஒரு பூவைத் தேர்ந்தேன். ஒரு சாண் உயரம், இலையில் ஊதா வரி, உள்ளங்கை அகலச் சிவப்பு. குப்புறப் படுத்தேன். ஸ்டாண்டைத் தரையோடு தரையாக விரித்தேன். வானம் மட்டும் பின்னால் வரும்படி கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தேன். பக்கத்திலேயே ஆடு கடித்துப்போட்ட தண்டு ஒன்று தலையில்லாமல் நின்று படச் சட்டத்துக்குள் வந்து மூக்கை நுழைத்தது. கேமராவை வலப்பக்கம் நகர்த்தி அதை வெளியே தள்ளினேன். இப்போது பூ நடுவில் தனியாக, சுத்தமாக நின்றது.

ஆனால் கணவாய்க் காற்று விடவில்லை. பூ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, அங்கியைக் கழட்டி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா உக்காருங்க. காத்தை மறைங்க."

"ஆமா, பூவுக்குக் குளிரும், எனக்குக் குளிராது." முனகிக்கொண்டே பஞ்சு வைத்த நீள அங்கியை விரித்துப் பிடித்து உட்கார்ந்தாள். "நான் செத்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? பூவுக்கு மறைப்புக் கட்டிச் செத்தாள்னா?"

"ஆடாதீங்க அக்கா, நிழல் விழுது!"

"வாத்திச்சி, நான் உன் ஏழாங்கிளாஸ் இல்லடி."

காற்று ஒரு மூச்சு ஓய்ந்தது. மேற்கு வெயில் பக்கவாட்டில் வந்து இதழ்களுக்குள் புகுந்தது. பூ உள்ளிருந்து எரிகிற அடுப்பாகச் சிவந்தது, பின்னால் வானம் கறுத்தது. மூன்று வசந்தமாக நான் காத்திருந்தது இதற்குத்தான்! பொத்தானை அழுத்திப் பிடித்தால் விடாமல் எடுத்துத் தள்ளும்படி வைத்துவிட்டு, விரலைக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் இடித்தது.

முதல் இடி! தரை அதிர்ந்தது. அடுத்து நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிபாய்ஷா கத்தினாள்: "அகப்பைடி! வண்டியில இருக்கு! என் முட்டி எந்திரிக்காது, நீ ஓடு!" மின்சாரம் பேசிய வாத்திச்சி என்ன செய்தாள்? ஒரு நொடி யோசிக்கவில்லை. கேமராவை விட்டாள், எழுந்தாள், ஓடினாள்.

வண்டியின் பின்பக்கத்தில் பாலை அளக்கிற அகப்பை கிடந்தது. எடுத்து, வீட்டுக்குப் பதிலாக ஜீப்பின் கதவைத் தட்டினேன், முகப்பைத் தட்டினேன், பின்னால் தட்டினேன். "பால் பெருகட்டும்! கரி குறையட்டும்!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சுற்றினேன். போன வருஷம் வற்றிய இரண்டு மாடுகளும் என் கண் முன்னால் நின்றன. இரண்டாம் சுற்றில்தான் புத்தி வந்தது. ஐயோ, என் பூ! ஆனால் ஆரம்பித்த சுற்றைப் பாதியில் விடலாமா? விட்டால் இன்னும் மோசமாயிற்றே! அழுதுகொண்டே மூன்றாவது சுற்றையும் முடித்தேன். இரண்டாவது இடி விழுந்தது. திரும்பி ஓடி வருவதற்குள் மேகம் சூரியனை விழுங்கிவிட்டது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். பூவின் நிறம் செத்துப்போயிருந்தது. இதழ்கள் ஒன்றையொன்று நெருங்க ஆரம்பித்திருந்தன. பிபாய்ஷா அங்கியை எங்கோ போட்டுவிட்டு என் கேமராவைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! உங்க அகப்பையால, உங்க மாட்டால!"

"கத்தாதடி. கல்மழை வருது, வண்டிக்குப் போ."

கதவைச் சாத்தவும் ஆலங்கட்டி கூரையில் கொட்டவும் சரியாக இருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் கேமராவை என் மடியில் வைத்தாள்.

"காத்துல சாயப் பாத்துச்சு, தவழ்ந்து போய்ப் புடிச்சேன். புடிச்சவ சும்மா இருக்காம, நீ விரல் வைக்கிற எடத்துல என் விரலை வெச்சேன். டக்கு டக்குன்னு அடிச்சுது. கெட்டுப் போயிருந்தா மன்னிச்சிரு."

பார்த்தேன். பதினேழு படங்கள். முதல் எட்டில் ஒன்றுமில்லை, பாதி மண், பாதி வானம். ஒன்பதாவதைப் பெரிதாக்கினேன்.

முன்னால் அந்த ஆடு கடித்த தண்டு. தலையில்லாமல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. அதன் தோளை ஒட்டி என் பூ, வெயிலைக் குடித்துவிட்டு முழுவதும் திறந்து நிற்கிறது. பின்னால் கருநீல வானத்தில் வெள்ளை வெளேரென்று மின்னல். பூ வெறும் அழகாக இல்லை, பிழைத்து நிற்கிறது என்று தெரிந்தது. நான் வைத்த சட்டத்தில் இது இல்லவே இல்லை.

"அக்கா, இதை நகத்தினீங்களா?"

"ஆமா. நீ வெச்ச எடம் நல்லால்ல. ஒத்தப் பூவைக் கல்யாணப் பொண்ணு கணக்கா நடுவுல நிறுத்தி வெச்சிருந்த. பக்கத்துல கடிபட்டது ஒன்னு நிக்குதே, பாவம், அதையும் சேத்துக்கிட்டேன். தப்பா?"

"தப்பில்ல. வண்டிய எடுங்க. மேல் வளைவுலதான் சிக்னல் கிடைக்கும். மணி அஞ்சு நாப்பது!"

அந்தக் கல்மழையில் அவள் ஓட்டிய ஓட்டத்தை வேறு யாரும் ஓட்ட முடியாது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. சேற்றில் பின்சக்கரம் ஒரு பக்கம் போக, நாங்கள் ஒரு பக்கம் போனோம். "புடிச்சுக்கடி!" என்று அவள் கத்த, "ஓட்டுங்க அக்கா ஓட்டுங்க!" என்று நான் கத்த, ஐந்து ஐம்பதுக்கு வளைவில் ஏறி நின்றோம். படத்தைக் கைபேசிக்கு மாற்றினேன். படிவத்தைத் திறந்தேன். செடியின் பெயர், இடம், நாள். அடுத்த கட்டம், படம் எடுத்தவர் பெயர்.

உல்போசின் என்று என் பெயரை அடித்தேன்.

தப்பென்ன? கேமரா என்னுடையது. மேகத்தைக் கண்டது நான், பூவைத் தேர்ந்தது நான், ஸ்டாண்டைப் போட்டது நான். அவள் வைத்தது ஒரு விரல். பிபாய்ஷா உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் புத்தகத்தை அவள் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் கேட்க மாட்டாள். அதுதான் என்னை அனுப்ப விடவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டு அனுப்பியிருப்பேன்.

"அனுப்பிட்டியா?"

"இருங்க."

ஐந்து ஐம்பத்தாறு. மறுபடி படத்தைப் பார்த்தேன். அந்தத் தண்டை நான் இடைஞ்சல் என்று வெளியே தள்ளினேன். அவள் பாவம் என்று உள்ளே எடுத்துக்கொண்டாள். படம் அங்கேதான் இருந்தது. இதிலும் அவள்தானா! இதிலுமா! கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பிபாய்ஷா செய்த்கிஸி என்று முழுப்பெயரையும் அடித்து, மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

"உங்க பேரைப் போட்டிருக்கேன். எடுத்தது நீங்கதானே. சந்தோஷமா?"

"என் பேரையா?" அவள் திரும்பினாள். "உன் பேரை இல்ல?"

"உங்க பேரு. செய்த்தோட மகள் பிபாய்ஷா. அட்டைக்கு எடுத்தாங்கன்னா அச்சுல வரும்."

அவள் வாயிலிருந்த உருண்டையை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வீடு அவரு பேருல இருக்கு," என்றாள். "வண்டி அவரு பேருல. மாட்டுக்குக் குத்தியிருக்கிற முத்திரைகூட அவரு பேருதான். ஊருல என்னைய யாரும் ஒன்னும் குறைச்சுச் சொன்னதில்ல. ஆனா என் பேரை எழுதி ஒரு எடத்துல... இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லடி உல்போசின்."

முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெயரை இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாலும் அடித்திருப்பேன்.

மழை விட்டது. மேற்கே மேகம் கிழிந்து, அடியில் பொன்னாக ஒரு கோடு தெரிந்தது. கீழே சரிவில் மூடிய பூக்கள் ஈரத்தோடு தலை தூக்கின. அவள் முக்காட்டை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏய், அங்க பாரு! மூடின பூவும் நல்லாத்தான் இருக்கு. எறங்கு, எறங்கு!"

"நீங்க வந்து காத்தை மறைச்சுக்கிட்டு உக்காருங்க. நான் எடுக்கிறேன்."

"நீ போய் உக்காருடி. நான் எடுக்கிறேன்."

அதற்குள் அவள் கை கேமராப் பையின் மேல் விழுந்துவிட்டது. நான் இந்தப் பக்கத்து வாரைப் பிடித்தேன், அவள் அந்தப் பக்கத்து வாரைப் பிடித்தாள். இருவரும் விடவில்லை.