கூட யாரு வந்திருக்காங்க?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டாள் என்று திட்டக்கூடாது. இந்தக் கதை நல்ல மனசிலிருந்து பிறந்ததில்லை. என் பித்தப்பையிலிருந்து பிறந்தது.

அதில் கல் இருக்கிறதாம். ஸ்கேன் படத்தைக் காட்டி, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. நானும் பயப்படவில்லை. எழுந்து வாசல்வரை வந்த பிறகு கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "வரும்போது கூட ஒரு லேடீஸ் ஆள் கூட்டிக்கினு வாங்கம்மா. ஆளில்லாம சேத்துக்க மாட்டாங்க." பயம் அங்கேதான் வந்தது.

யாரைக் கூட்டிப் போவது? மகன் அறிவுச்செல்வன் மஸ்கட்டில். "லீவு கெடைக்காதும்மா, யாரையாவது கூட வச்சிக்க" என்றான், யாரையாவது என்பது ஏதோ கடையில் கிடைக்கிற சாமான் போல. வீட்டுக்காரர் சுவரில் இருக்கிறார், மாலையோடு. பக்கத்து வீட்டு சந்தியாவோடு பேச்சில்லை. அவள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் என் வாசலுக்கு வந்ததில் ஆரம்பித்த சண்டை. கால்வாய் கட்டிவிட்டார்கள், சண்டை அப்படியே இருக்கிறது. தியாகதுருகம் தபால் ஆபீஸ் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவள் நான். ஊரில் பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியும். என் வீடு எதுவென்று ஒருத்தருக்கும் தெரியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்தவர் கல்யாணத்தில் மொய் வைக்கிறோம், நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும் என்று. அதுபோல நானும் எங்காவது போய் நாலு பேருக்கு உதவியாக இருந்தால், எனக்குக் கத்தி வைக்கிற நாளில் ஒருத்தியாவது வந்து பக்கத்தில் உட்காரமாட்டாளா? நான் சேவை செய்யக் கிளம்பியது இதற்காகத்தான். கேவலமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

கல்வராயன் மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில், ஜெயசுதா— (வேண்டாம். மேகம் இறங்கினாலே யாரோ திருந்தப் போகிறார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.)

சிறு வயது முதலே பிறருக்கு உதவுவதென்றால் ஜெயசுதாவுக்கு— (யார் நம்புவார்கள்?)

ஜெயசுதா வீட்டைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்க யாரும் இல்லாததால், பூட்டிடமே "வந்துடறேன்" என்றாள். (இது இருக்கட்டும். இது நான் தினமும் செய்வது.)

ஜெயசுதா நான் உண்டாக்கிய ஆள். அவளுக்கும் பித்தப்பையில் கல் வைத்தேன், கூட ஆளில்லாமல் வைத்தேன். ஆனால் மனசை மட்டும் என்னைவிட நல்லதாகக் கொடுத்தேன். அவள் பலன் பார்க்காதவள். கதாநாயகி மொய்க்கணக்கு பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது.

3

ஜெயசுதா முதலில் கோயில் அன்னதானத்துக்குப் போனாள். "பரிமாற வரட்டுங்களா?" என்று கேட்டாள். அங்கே உபயதாரர் வீட்டுப் பெண்கள்தான் வாளி தூக்குவார்கள். அது அவர்கள் உரிமை. "நீங்க மொதல்ல குந்திச் சாப்டுங்கம்மா" என்று இலை போட்டுவிட்டார்கள். உதவி செய்யப் போனவள் சாம்பார் சாதம் சாப்பிட்டு, பாயசமும் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

அப்புறம் ரத்ததான வாட்ஸ்அப் குழு. வயது கேட்டார்கள். சொன்னாள். கை கூப்புகிற படம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஏரி சுத்தம் செய்கிற குழு. பேனரைப் பிடித்துப் போட்டோ எடுக்கிறவரைக்கும் ஜேஜே என்று கூட்டம் இருந்தது. போட்டோ முடிந்ததும் கரையில் ஜெயசுதாவும் ஒரு எருமையும் மிஞ்சினார்கள். எருமை வேலை செய்யவில்லை.

சரி, வீடு வீடாகப் போய்க் கேட்போம் என்று நாலு தெரு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள். கமலா என்கிற அம்மாள் திறந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது ஒத்தாசை வேணுங்களா? ஆஸ்பத்திரிக்கு, ரேஷனுக்கு, கூட வர்றதுக்கு..."

கமலா மேலும் கீழும் பார்த்தாள். "எந்த வார்டுக்கு நிக்கறீங்க?"

"நிக்கலம்மா. சும்மாதான் கேக்கறேன்."

"சும்மாவா? எலெக்சனே இன்னும் வர்ல, அதுக்குள்ள வந்துக்கினீங்க. பரவால்ல, சின்னம் இன்னான்னு சொல்லிட்டுப் போங்க, போட்டுடறோம்."

ஜெயசுதா வாய்விட்டுச் சிரித்தாள்.*

* சிரித்தது ஜெயசுதா. இது நடந்தது எனக்கு. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

4

கள்ளக்குறிச்சி பஜாரில் ஷேக் தாவூது என்று ஒரு பாத்திரக்கடைக்காரர். அவர் மனைவி ஷர்புன்னிசா காலையில் பெரிய தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெண்கள் வார்டுக்கு வருவாள். (எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.) ஸ்கேன் எடுக்கப் போன அன்று பார்த்திருந்ததால் ஜெயசுதா அவளிடம் போய், நானும் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டாள்.

"செய்றதுக்கு இன்னா கீது அக்கா? மலையிலேர்ந்து எறங்கி வர்ற பொம்பளைங்களுக்குக் கூட ஆள் இருக்காது. ஆட்டப் பாக்கணும், மரவள்ளி புடுங்கணும்னு வூட்டுக்காரரு வுட்டுட்டு மேல ஏறிடுவாரு. பக்கத்துல ஒருத்தர் குந்தினா போதும். சிஸ்டர் கூப்ட்டா 'நான்தான்'னு எழுந்திருங்க. ஜாஸ்தி பேசாதீங்க, அவுங்களுக்கே வலி."

"அவ்ளோதானா?"

"குந்திப் பாருங்க, தெரியும்."

ஜன்னலோரக் கட்டிலில் பச்சையம்மாள் இருந்தாள். கரியாலூர்ப் பக்கம். மரவள்ளிக் காட்டில் சறுக்கி விழுந்து கால் முறிந்திருந்தது. ஜெயசுதா தன் பழைய ஆபீஸ் புடவையில், சாயம் போன நீலம், அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் தேவதர்ஷினி வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"பச்சையம்மா கூட யாரு?"

ஜெயசுதா எழுந்தாள். "நான்தான்."

[இங்கே ஜெயசுதாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு நான் பேசவேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்வதில் அத்தனை சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் போன பிறகு நான் யாருக்கும் 'கூட' இல்லை. எக்ஸ்ரே அறையில் கூப்பிட்டார்கள், நான்தான் என்றேன். மாத்திரை ஜன்னலில் கூப்பிட்டார்கள், நான்தான். கூப்பிடாதபோதுகூட எழுந்துவிட்டேன். வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: பச்சையம்மாளுக்குச் சீக்கிரம் குணமாகிவிடக்கூடாதே என்று ஒருநாள் நினைத்தேன்.]

பச்சையம்மாள் வாயாடி. ஷர்புன்னிசா சொன்னதுபோல் பேசாமலிருக்க விடமாட்டாள். ஆஸ்பத்திரி ரொட்டியைத் திட்டுவாள், மேலே மழை வந்திருக்குமா என்று விசாரிப்பாள், ஜெயசுதா தலை வாரிவிட்டால் "அய்ய, இன்னாம்மா இந்த இழு இழுக்கற, முடியா மூங்கிலா?" என்று கத்துவாள். மாவுக்கட்டு போடும்போது மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயசுதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம்வரை அந்த இடத்தில் விரல் தடம் இருந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று, "ஒரு தபா மலைக்கு வாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5

எனக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். இப்போது கதைப்படி ஜெயசுதா மலைக்குப் போய், பச்சையம்மாளிடம், எனக்கு ஒரு நாள் கூட இருக்கிறாயா என்று கேட்கவேண்டும். அவளைக் கரியாலூர் பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். ஏறமாட்டேன் என்கிறாள். பலன் பார்க்காதவள் ஆயிற்றே, எந்த முகத்தோடு கேட்கப் போவாள்? நல்ல மனசு கொடுத்தது என் தப்பு. போடீ என்று அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் ஏறினேன்.

(ஷர்புன்னிசாவைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவள் மகள் ரிஹானாவின் பிரசவத்துக்காக ஆம்பூர் போய்விட்டாள். பேரப்பிள்ளையோடு இருக்கிறவளை எப்படி இழுப்பது?)

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேற ஆரம்பித்ததிலிருந்து ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். "பச்சையம்மா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும்." வளைவுக்கு வளைவு வார்த்தையை மாற்றினேன். "எனக்கு உன்ன வுட்டா யாரும்—" அது வேண்டாம், அழுதுவிடுவேன்.

பச்சையம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு நன்றாகவே நடந்தாள். என்னைப் பார்த்ததும், "யம்மோவ்!" என்று போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமெல்லாம் வந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே போர்வை விரித்து உட்காரவைத்தாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவள் எல்லாரிடமும் சொன்னாள்:

"நான் சொன்னேன்ல, ஆஸ்பத்திரில என்ன பாத்துக்கினு இருந்துச்சுன்னு, இந்தம்மாதான். கெவுருமெண்டு ஆளு. நீலப் பொடவ கட்டிக்கினு காலைல டாண்ணு வந்துடும்."

உட்கார்ந்திருந்த ஒன்றிரண்டு பேர் மரியாதையாக எழுந்துகொண்டார்கள். இளம்பெண் ஒருத்தி, "எங்கம்மா அடுத்த வாரம் கீழ வருதுங்க. அப்ப உங்க டூட்டிதானுங்களா?" என்று கேட்டாள்.

கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தேன்.

"நானே கேக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் பச்சையம்மாள். "இப்டி பக்கத்துல குந்திக்கினு கீறதுக்கு இன்னா சம்பளம்மா குடுக்கறாங்க?"

அவள் மேல் தப்பில்லை. எல்லாருக்கும் வேலை இருக்கிற ஊரில், ஒருத்தி வேலையில்லாமல் வந்து முன்பின் தெரியாதவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது சம்பளத்துக்காகத்தான் இருக்கும். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சம்பளமெல்லாம் இல்லை, சும்மாதான் வந்தேன் என்று. சொன்னால் அடுத்த கேள்வியாக என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். 'சும்மாவா? ஏன், உனுக்கு யாருமே இல்லியா?' அத்தனை பேர் நடுவில் அதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சம்பளக்காரியாக இருப்பது எவ்வளவோ மேல் என்று தோன்றிவிட்டது.

"கம்மிதான் பச்சையம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். வாய வுட்டுக் கேளும்மா. கேக்காம எவன் குடுப்பான்?"

திரும்பும்போது ஒரு பாட்டில் தேன் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். தனியாக இருந்தது. இதை இன்னும் அழகாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. தனியாக இருந்தது.

6

முடிவுகள்:

(அ) விஷயம் கேள்விப்பட்டு பச்சையம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு மலையிறங்கி வந்தாள். — அவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லையே. அடித்துவிட்டேன்.

(ஆ) காலையில் சந்தியா என் வாசலில் நின்று, "பைய குடுங்க, நான் வரேன்" என்றாள். — இதை எழுதிவிட்டு ஜன்னல் வழியாக அவள் வீட்டைப் பார்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். 'வாய வுட்டுக் கேளும்மா' என்று பச்சையம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்து வாசல் கேட் வரை போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான்

(வாக்கியம் அவ்வளவுதான். கேட் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வந்தவள் போலப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.)

(இ) ஜெயசுதா வந்தாள். — நான் உண்டாக்கிய ஆள்தானே, நான் கூப்பிட்டால் வரக்கூடாதா? வந்தாள். ஆனால் சிஸ்டர் கண்ணுக்குத் தெரியமாட்டாள்.

7

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை. பையில் மாற்றுப் புடவை, பிளாஸ்க், தேன் பாட்டில். சற்று முன்பு சிஸ்டர் தேவதர்ஷினி வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "இன்னிக்கு யாருக்கும்மா கூட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எனக்குத்தான் சிஸ்டர் ஆபரேஷன்."

"அப்டியா! கூட யாரு வந்திருக்காங்க?"

"வெளிய கீறாங்க சிஸ்டர். டீ குடிக்கப் போனாங்க, இப்ப வந்துடுவாங்க."

பொய் சொல்லிவிட்டேன். வேறு யாரை நினைத்துக்கொண்டு சொல்வது? இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டு கூட இருந்தது நீங்கள்தான். கணக்குப் பார்த்துத்தான் சேவைக்கு வந்தேன் என்று முதலிலேயே சொன்னேன், அப்போதும் எழுந்து போகவில்லை நீங்கள்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. பக்கத்தில் ஸ்டூல் இருக்கும். நீங்கள் ஆம்பிளை என்றால் பெண்கள் வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு இருக்கிறது, அங்கே இருந்தால் போதும், கூப்பிட்டால் கேட்கும். தலை வார வேண்டாம், நான் வாரிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஜாஸ்தி பேசவும் வேண்டாம். கூப்பிடும்போது எழுந்தால் சரி.

என் பேரை இதுவரை சொல்லவில்லை. தெரியாமல் எப்படி எழுந்திருப்பீர்கள்? ராணியம்மாள்.

சிஸ்டர் வாசலுக்கு வருகிறார்.

"ராணியம்மா கூட யாரு?"