இடக்கதவும் வலக்கதவும்

கேப்டனின் மூக்கு உடைந்த சனிக்கிழமையிலிருந்து இடக்கதவுக்கும் வலக்கதவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பெயரைக் கேட்டு மரச்சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பேரும் பெண்கள். இடக்கதவு அண்ணி, வலக்கதவு அவள் புருஷனின் தங்கை. டிவி நிலையத்தில் விழுந்த பெயர் அது. வாசல் காவலாளிகூட, "இடக்கதவு வந்தாச்சு, வலக்கதவு எங்க காணோம்?" என்றுதான் கேட்பார்.

அந்த நிலையத்தின் மூன்றாவது அரங்கிலிருந்து சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு விண்கலம் கிளம்பும். கிளம்பும் என்றால் எங்கே கிளம்ப? தரைக்கு ஒரு முழம் மேலே பலகை மேடை. மேடைமேல் ஒட்டுப்பலகைச் சுவர். சுவருக்கு வெள்ளிப் பெயிண்ட். அதில் மினுக்கு மினுக்கென்று நாற்பது பல்பு. அவ்வளவுதான் கப்பல். ஆனால் அந்தக் காலத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு காட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. நடிக்க நடிக்கவே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடும். இங்கே ஒருத்தர் தும்மினால் நாடே அந்தத் தும்மலைக் கேட்கும்.

பார்க்கிற குழந்தைகளுக்குக் கேப்டனைவிடக் கதவைத்தான் பிடிக்கும். கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்து விறுவிறுவென்று நடப்பார். கை வைக்கமாட்டார், தள்ளமாட்டார். கதவு தானாக இரண்டாகப் பிளந்து ராஜாவுக்கு வழி விடுகிற மாதிரி வழி விடும். சுவருக்குப் பின்னால் இருட்டில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பதை யார் கண்டது?

அவர்களுக்கும் கேப்டன் தெரியமாட்டார். சுவரில் ஓட்டை போட்டால் கேமராவில் தெரிந்துவிடும் என்று டைரக்டர் போட விடவில்லை. ஆகவே காதுதான் கண். கேப்டனின் பூட்ஸில் லாடம் அடித்திருந்தது. நாற்காலியிலிருந்து கதவுக்கு ஒன்பது எட்டு. டக், டக், டக் என்று ஏழாவது விழும்போது இழுத்தால் ஒன்பதாவது எட்டில் அவர் வெளியே இருப்பார். ஒரு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போன சனிக்கிழமை, லாடச் சத்தம் மைக்கில் இடிக்கிறதென்று ஒலிப்பதிவாளர் புகார் சொன்னார். உடுப்புக்காரர் பூட்ஸுக்கு ரப்பர் அடி ஒட்டிக் கொடுத்துவிட்டார். கேமராவுக்குச் சொன்னார்கள், விளக்குக்குச் சொன்னார்கள். கதவுக்கு யார் சொல்வது? கதவென்ன ஆளா?

கேப்டன் பூனை மாதிரி நடந்து வந்து மூடிய கதவில் மூக்கால் மோதினார். நாடே பார்த்தது. மனுஷர் கெட்டிக்காரர், ரத்தம் வழிய வழிய, "கதவுக்கு இன்னைக்கு நம்ம மேல கோபம்போல" என்று சொல்லிச் சமாளித்தார். அதற்குள் வலக்கதவு பதறிப்போய் இழுத்துவிட்டாள். இடக்கதவு இழுக்கவில்லை. பாதி திறந்த கப்பலில் பின்னாலிருந்த வாளியும் துடைப்பமும் தெரிந்தன.

டைரக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அடுத்த வாரத்துலேருந்து மோட்டார் போட்டுடலாம். ஒரு வாரம் மட்டும் இந்தம்மாங்க பக்கத்துல நிக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

கதவு போனால் மறுபடி மரக்கிடங்குதான். இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் அங்கே மரம் தூக்கினார்கள். நீளக் கட்டைக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. இடக்கதவின் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. "இனி தலையிலயோ தோள்லயோ பாரம் ஏத்தினா கை ரெண்டும் விளங்காம போயிடும்மா" என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஒரே இடத்தில் நின்று செய்கிற முதல் வேலை அவளுக்கு இந்தக் கயிறுதான். அதுவும் கையைவிட்டுப் போகப் பார்க்கிறது.

இந்தச் சனிக்கிழமை காலை ஒத்திகையில் கரண்ட்காரர் மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தார். கதவுக்கு முன்னால் விரிப்புக்கடியில் ஒரு தகடு. அதில் கால் பட்டால் மோட்டார் சங்கிலியை இழுக்கும். கதவு "கொர்" என்று திறந்தது, "கொர்" என்று மூடியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

சுவருக்குப் பின்னால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வலக்கதவு தன் கயிற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"கேட்டியா கயிறே, சில பேருக்குக் காது மந்தமாகி ரொம்ப நாளாச்சு. சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வருது."

இடக்கதவு வாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"அடி வாளியே, மூக்கு உடைஞ்ச பிறகு கதவத் தொறந்து உன்னையும் துடைப்பத்தையும் ஊருக்கே காட்டினது யாருன்னு கேளு."

"காட்டினா என்ன? வாளி கேப்டனைவிட நல்லா நடிச்சுதுன்னு எங்கண்ணனே சொன்னாரு, கயிறே."

ஏழு நாளாக வீட்டிலும் இதே கதைதான். ஒரே அடுப்பு, ஒரே கூரை. பேச்செல்லாம் பாத்திரத்தோடும் சுவரோடும்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீட்டுக்காரர் மத்தளம் மாதிரி ஆகிவிட்டார்.

இடக்கதவுக்குக் கால் வீங்கியிருந்தது. பின்னால் நிற்கிறவர்கள் சத்தமில்லாமல் இருக்க, பஞ்சு வைத்த துணிச்செருப்புப் போட வேண்டும் என்பது நிலையத்துச் சட்டம். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீட்டினாள். அவள் பக்கத்தில் மேடைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை சுவரைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. தச்சர் அளவு தப்பி அறுத்து, "யாரு பாக்கப் போறா" என்று விட்டுப்போனது. ஒரு வருஷமாக அதில் இடித்துக்கொண்டு தச்சர் பரம்பரையையே அவள் திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அதன்மேல் பாதத்தை வைத்தாள்.

தும்.

உள்ளங்காலில் ஏதோ தட்டியது. தும். தும்.

அந்தப் பக்கம் கேப்டன் நடந்துகொண்டிருந்தார். ரப்பர் அடி காதை ஏமாற்றலாம், கட்டையை ஏமாற்றுமா? வலது காலை அழுத்தி வைக்கிறார், இடது காலை லேசாக வைக்கிறார். நிற்கிறார். குதிகாலில் திரும்புகிறார். எல்லாம் பாதத்தில் எழுதின மாதிரி வந்தது. மரம் தூக்குகிறபோது பின்னால் வருகிறவளுக்கு வழி தெரியாது. முன்னால் போகிறவள் கல்லில் தடுக்கினால் பின்னவள் தோளுக்குத்தான் முதலில் தெரியும். அதே கதை, தோளுக்குப் பதில் கால்.

இதை ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். இருக்கிற ஒரே ஒருத்தியோ பேச்சில்லாதவள். இடக்கதவு வாயை மூடிக்கொண்டாள். மோட்டார்தான் வந்துவிட்டதே, இனிச் சொல்லி என்ன?

ஆறு மணிக்கு விண்கலம் கிளம்பியது.

முதல் பாகம் நன்றாகப் போயிற்று. கதவு இரண்டு தடவை திறந்தது. மூன்றாவது தடவை "கொர்" என்பது "கொர்ர்ர்" என்று இழுத்தது. விளக்குச் சூடு ஒரு பக்கம், இறுகின சங்கிலி ஒரு பக்கம். மோட்டார்ப் பெட்டியிலிருந்து மெல்லிசாய்ப் புகை வந்தது. பிறகு அதுவும் நின்றது. மோட்டார் வாயைப் பிளந்துவிட்டது.

கரண்ட்காரர் குனிந்து ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை. கிசுகிசுத்தார்: "எரிஞ்சு போச்சும்மா. இப்ப அடுத்த அறைக் காட்சி ஓடுது. ரெண்டு நிமிஷத்துல கேப்டன் இந்தக் கதவு வழியா வெளிய போயாகணும். காத்து தீர்ந்துபோன கப்பல், அவரு போய்த்தான் எல்லாரையும் காப்பாத்தணும். கதவு தொறக்கலன்னா கதையே இங்கயே செத்துரும்."

"சங்கிலியைக் கழட்டுங்க" என்றாள் இடக்கதவு. "கயித்த மாட்டிக்கறோம்."

"காலடி கேக்காதேம்மா! மறுபடியும் மூக்கா?"

இடக்கதவு இருட்டில் வலக்கதவு பக்கம் திரும்பினாள். ஏழு நாளில் முதல் தடவையாக நேராகக் கூப்பிட்டாள்:

"ஏய், இங்க வா. செருப்பக் கழட்டு."

"எதுக்கு?" அதுவும் நேராகத்தான் வந்தது.

"கட்டை மேல கால வை. மரம் தூக்கற மாதிரி. நான் முன்னால, நீ பின்னால."

வேறொருத்தியாக இருந்தால் விளக்கம் கேட்டிருப்பாள். பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டையைத் தூக்கினவளுக்கு அரை வார்த்தை போதும். வலக்கதவு தன் கயிற்றை உருளையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அண்ணியை ஒட்டி நின்றாள். முழ நீளக் கட்டைமேல் நாலு வெறுங்கால், மத்தி மீன் அடுக்கின மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"அண்ணி, என் விரல மிதிக்கறீங்க."

"வாய மூடு. வர்றாரு."

தும்.

வலக்கதவின் உடம்பு சிலிர்த்ததை இடக்கதவு தோளில் உணர்ந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

தும். தும். மூன்று. நாலு. உடைந்த மூக்கு நினைவில் இருக்கும்போல, எட்டுகள் கொஞ்சம் தயங்கித் தயங்கி விழுந்தன. ஐந்து. ஆறு. கயிறு இறுகியது. ஏழு...

ஏழாவது எட்டு முழுசாக விழவில்லை. பாரம் முன்னங்காலுக்கு வரவேயில்லை. பின்னால் குதிகாலுக்குப் போயிற்று. எண்ணிக்கையை நம்பினவர்களாக இருந்தால் இழுத்திருப்பார்கள். மோட்டாராக இருந்தால் தகட்டை மிதித்ததுமே திறந்து கேப்டனின் மானத்தை வாங்கியிருக்கும். இடக்கதவு பெருவிரலால் நாத்தனாரின் பெருவிரலை ஒரு அழுத்து அழுத்தினாள். இரு.

அந்தப் பக்கம் கேப்டன் நின்றே விட்டார். சொல்ல வேண்டிய வசனத்தை மறந்துவிட்டு இப்போதுதான் நினைவு வந்திருக்கிறது. திரும்பினார். இரண்டு எட்டு உள்ளே போனார். அவர் குரல் கேட்டது: "நான் திரும்பி வரலேன்னா... கப்பலத் திருப்பாதீங்க. போய்க்கிட்டே இருங்க."

அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது நடிப்பா நிஜமா, தெரியவில்லை.

பாதத்தில் பாரம் சுழன்றது. கேப்டன் கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டார். தும், தும் என்று இந்தத் தடவை தயக்கமில்லாத நடை. இடக்கதவு விரலை எடுத்தாள்.

இரண்டு கயிறும் ஒரே மூச்சில் போயின. கதவு சத்தமில்லாமல், வெண்ணெய் விலகுகிற மாதிரி விலகியது. கேப்டன் நடை குறையாமல், மூக்கு நிமிர வெளியே வந்தார். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

இருட்டில் இரண்டு பெண்களும் வெறுங்காலோடு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துபோயிற்று அவருக்கு. மூக்கைத் தொட்டுக் காட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த காட்சிக்கு ஓடினார்.

அதற்குமேல் ஐந்து தடவை. ஒரு தடவை ஓடி வந்தார், ஒரு தடவை காயம்பட்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டாள் பாரம்" என்று வலக்கதவு முணுமுணுத்தாள். பாரத்துக்கு நடை மெதுவாகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஐந்தும் அச்சுப் பிசகவில்லை. ஏழு மணிக்குக் கப்பல் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

விளக்கு அணைந்ததும் டைரக்டர் மேல்மாடிக் கண்ணாடி அறையிலிருந்து படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தார். நேரே கரண்ட்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மோட்டாரா அது? மனுஷன்யா! கேப்டன் திரும்பினப்ப அது காத்துக்கிட்டிருந்துச்சே! போன் விடாம அடிக்குது. ஒரு சின்னப் பொண்ணு கேக்கறா, அந்தக் கதவுக்கு உசிரு இருக்கான்னு. இனிமே எப்பவும் இதேதான்!"

இடக்கதவு மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் பொறாமை என்பார்கள். கரண்ட்காரர் தலையாட்டிவிட்டுப் போனால் போயிற்று, திங்கட்கிழமை மரக்கிடங்கு.

கரண்ட்காரர் டைரக்டரின் கையை மெல்ல விலக்கினார். கழற்றி இடுப்பில் வைத்திருந்த எரிந்த மோட்டார்ப் பெட்டியை இறக்கி அவர் காலடியில் வைத்தார்.

"சார், இது முதல் பாகத்துலயே போய்ச் சேந்துருச்சு. அப்புறம் நீங்க பாத்தது மோட்டார் இல்ல. இந்தா, இவங்க நாலு காலு."

டைரக்டர் பெட்டியைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். அதன்மேல் இன்னும் இறங்காமல் நின்ற நாலு கால்களையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் தள்ளும்மா" என்று தானும் ஏறி நின்றார். மேடையில் யாரோ விரிப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்துபோனார்கள்.

"அடேயப்பா" என்றார் டைரக்டர்.

சின்னப்பிள்ளை மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, "மோட்டார் வேணாம். கதவு உங்களுதுதான். இந்தத் தொடர் ஓடற வரைக்கும், அதுக்கப்புறம் நான் எடுக்கற எதுக்கும். வேற என்ன வேணும், கேளுங்க" என்றார்.

இடக்கதவு கழுத்தைத் தடவிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னாள்:

"தச்சரக் கூப்பிட்டு அந்தப் பக்கமும் ஒரு கட்டை நீட்டி வைக்கச் சொல்லுங்க சார். இவ ஏழு மணி வரைக்கும் என் கால மிதிச்சே கொன்னுட்டா."

"நானா மிதிச்சேன்?" என்றாள் வலக்கதவு. "சார், நீங்களே பாருங்க என் விரல! மொதல்ல இவங்களுக்குப் பெரிய கட்டையா போடச் சொல்லுங்க. அண்ணி, உங்க பாதம் பாதமா, படகா?"

அரங்கமே சிரித்தது. நேருக்கு நேர் திட்டிக்கொண்டே இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள், வெறுங்காலோடுதான். வீடு வரைக்கும் பேச்சு ஓயவில்லை.