பள்ளம் வெட்டாத வில்

கொல்கத்தாவில் கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் குடியிருந்த வில்வித்தைப் பயிற்சியாளர் சௌமேன், கட்டிலின்மேல் இரண்டு விற்களை எடுத்து வைத்தார்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவள் மீனாக்ஷி. மைதானத்தில் இரவல் வில்லால் அவள் எய்த அம்பெல்லாம் இலக்குக்கு இடப்பக்கமாகவே போய் விழுந்தன. சொந்த வில்லிலும் இப்படியே ஆனால் விட்டுவிடுவதாகக் கணவர் சந்தானத்திடம் சொல்லியிருந்தாள். விடும்படி ஆகாது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"சம்பந்தியாத்துல யார் கழுத்துல புதுச் சங்கிலின்னு வாசல்லேர்ந்தே கண்டுபிடிச்சுடுவே. இது மட்டும் தப்பறதே," என்றார் கூடவே வந்திருந்த சந்தானம்.

அவருக்கு முதல் வில் பிடித்துவிட்டது. இரண்டு நிற மரம், கண்ணாடி போல் பளபளப்பு. நடுவில் அம்பு உட்காரப் பள்ளம் வெட்டியிருந்தது. நாணை வலக்கையால் இழுப்பவர்களுக்கானது என்றார் சௌமேன். இன்னொன்று வெறும் மூங்கில். பள்ளம் கிடையாது, அம்பு கைமுட்டியின்மேல்தான் உட்கார வேண்டும்.

"இதையே எடுத்துக்கோ. ஹால்ல ஆணிகூட அடிச்சு வெச்சுட்டேன்," என்றார் சந்தானம், பளபளப்பு வில்லைத் தொட்டு.

"மாட்டறதுக்கா?"

"பின்னே, எத்தனை நாளைக்கு நீ தூக்கிண்டு அலையப் போறே?"

மீனாக்ஷி பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. நாண் மாட்டிக்கொண்டிருந்த சௌமேன், யாரென்று பார்க்க முடியுமா மாஷிமா என்று, வங்காளிகள் பெரியம்மாவை அழைப்பதுபோல் அழைத்துக் கேட்டார். அவள் கதவிலிருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, தேநீர்க்காரர் என்று திறந்தாள்.

சௌமேன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னார். அவள் யோசிக்காமல் மறுபடியும் இடக்கண்ணைத்தான் வைத்தாள். குறி பார்ப்பது இடக்கண், நாண் வந்து நிற்பது வலக்கன்னம். அம்பு இடப்பக்கம் சாயாமல் என்ன செய்யும் என்று அவர் சிரித்தார். இனி நாணை இடக்கையால் இழுக்க வேண்டுமாம்.

சந்தானத்தின் முகம் மாறியது. "முதன்முதலா ஆரம்பிக்கறச்சே இடது கையாலயா?"

"வில்லைப் பிடிக்கறது வலது கைதானேன்னா. உங்க சாஸ்திரத்துக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது."

சொல்லிக்கொண்டே மூங்கில் வில்லை எடுத்தாள். பள்ளம் இல்லாததால் அது எந்தக் கைக்கும் பொருந்தியது.

மொட்டைமாடியில் வட்டம் வரைந்த காகிதம் குத்திய வைக்கோல் கட்டு இருந்தது. பழக்கமில்லாத இடது தோள் நடுங்கியது. முதல் அம்பு கட்டின் மேல்விளிம்பைச் சீவிக்கொண்டு போய்ப் பின்சுவரில் மோதியது. சந்தானம் இருமினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாணை இடக்கன்னம்வரை இழுத்து, மூச்சை விட்டு, விரல்களைத் தளர்த்தினாள். அம்பு காகிதத்தில் குத்தி நின்றது. நடுவில் இல்லை, வட்டத்துக்குச் சற்றுக் கீழே. ஆனால் இடப்பக்கம் போகவில்லை.

"காத்தாயிருக்கும்," என்றார் சந்தானம்.

அவள் இன்னொன்றை எய்தாள். அது முந்தைய அம்பை ஒட்டிப் போய் நின்றது. கொடியில் காய்ந்த துணிகள் அசையவே இல்லை என்பதை அவரும் பார்த்தார்.

"அப்ப அந்த ஆணி?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்க குடையை மாட்டிக்கோங்கோ," என்றாள் மீனாக்ஷி, அடுத்த அம்பை எடுத்தபடி. "இது மாட்டி வைக்கறதுக்கு இல்லை."