கத்தாத அலாரம்

புயலில் இல்ஃபோர்டில் எங்கள் தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. வீட்டைச் சூடாக்கும் பொய்லர் எரிவது காஸில்தான், ஆனால் கரண்ட் இல்லாமல் அது தொடங்காது. என் கணவர் குகநேசன் கடைக்கு வாங்கிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, சமைக்கிற குசினிக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அறையில் வைத்துப் பொய்லரோடு கொழுவினார்.

"வெளியில வையுங்கோ," என்றேன்.

"வெளியில வைச்சா ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். சண்டை நேரம் யாழ்ப்பாணத்தில குசினிக்குள்ள வைச்சுத்தான் ஓட்டினனாங்கள். ஆர் செத்தது?"

அந்தக் குசினியின் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று தாராளமாகப் போய்வந்தது. இங்கே குளிருக்குப் பயந்து கதவிடுக்கில்கூடத் துணி அடைத்திருக்கிறார் மனுஷன்.

வீடு சூடானது. மகள் ஆரபி நித்திரை வருகிறதென்று மேலே போனாள். பின்னேரமே அவளுக்கு ஏன் நித்திரை என்று நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலையிடித்தது. அவரும் நெற்றியைத் தேய்த்தார்.

"ஜெனரேட்டர் புகையில நச்சுவாயு எண்டால் அலாரம் கத்தும்தானே," என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளிறியது. போன கிழமை நான் மிளகாய்த்தூளுக்கு வறுத்தபோது, கத்துவது புகை அலாரமா நச்சுவாயு அலாரமா என்று தெரியாமல் இரண்டின் பற்றரிகளையும் இவர்தான் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார்.

லாச்சியை இழுத்துத் திறந்து, நச்சுவாயு அலாரத்தில் பற்றரியைப் பொருத்தினேன். அது வீடு அதிரக் கத்தியது. அவர் ஜெனரேட்டரை நிறுத்த ஓடினார். நான் ஆரபியைக் கூப்பிட்டுக்கொண்டே படியேறினேன்.

சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. ஆரபியின் அறையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.